புரோகிரசிவ் லென்ஸ்: ஓரத்து மங்கலும் பட்டறை வேலையும்

வெள்ளெழுத்து வந்த பிறகு இரண்டு புரோகிரசிவ் கண்ணாடிகளை (மேலே தூரப் பார்வைக்கு, கீழே படிப்பதற்கு, நடுவே பவர் படிப்படியாக ஏறும் லென்ஸ்) ஆண்டுக்கணக்கில் அணிந்திருக்கிறேன். முதலாவது பழைய வார்ப்பு முறையில் செய்தது. இப்போது அணிந்திருப்பது ஃப்ரீஃபார்ம். இரண்டிலும் படிப்பதற்கான கூடுதல் பவர் +2.00. ஆனால் பார்க்கும் சுகத்தில் பெரிய வித்தியாசம்.

பழைய முறையில், பவர் படிப்படியாக ஏறும் வளைவு அச்சிலேயே அமைந்துவிடும். இரண்டு கண்ணாடி அச்சுகளுக்கு நடுவே பிசினை ஊற்றி, அடுப்பில் பல மணி நேரம் இறுக வைப்பார்கள். நமக்காகக் கடைவது பின்பக்கத்தை மட்டுமே. ஃப்ரீஃபார்மில் பெரும்பாலும் முன்பக்கம் சாதாரண வளைவுதான். வைரமுனை பொருத்திய கணினி இயந்திரம் பின்பக்கத்தை நம் அளவுகளுக்கேற்பப் புள்ளி புள்ளியாகச் செதுக்குகிறது. அடுத்து மெருகேற்ற வேண்டும். அதில் சற்றுக் கூடுதலாகத் தேய்த்தால் செதுக்கிய வடிவமே கெட்டுவிடும் என்பதால், மிருதுவான கருவியால் அளந்து தேய்க்கிறார்கள். பிறகு கீறல் தாங்கும் பூச்சு, வெற்றிட அறையில் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு.

எவ்வளவு செலவழித்தாலும் ஓரத்து மங்கல் முழுதாகப் போகாது. 1959இல் பிரான்சில் பெர்னார் மெத்தனா உருவாக்கிய வாரிலக்ஸ் என்ற புரோகிரசிவ் லென்ஸ் வந்த சில ஆண்டுகளிலேயே, 1963இல், மிங்க்விட்ஸ் என்ற கணிதவியலாளர் இதைக் கணிதமாக நிறுவினார்: நடுக்கோட்டில் பவர் எந்த வேகத்தில் ஏறுகிறதோ, அதன் இரு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் பார்வையை மங்கலாக்கும் சிதைவு ஏறும். அதனால்தான் உயரம் குறைந்த ஃபிரேமை நான் தொடுவதேயில்லை. பவர் ஏற இடம் குறுகினால் மங்கல் கூடும்.

தொழில்நுட்பத்துக்குச் சமமாக அளவெடுப்பும் முக்கியம். முதல் கண்ணாடிக்குக் கடையில் அடிக்கோலை வைத்துக் கண்பாவைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து, இரு கண்களுக்கும் சேர்த்து ஒரே எண் எழுதினார்கள். படிக்கும்போது தலையைச் சற்றுத் திருப்பினால்தான் வலக் கண்ணுக்கு எழுத்து தெளியும். இரண்டாவது முறை, ஃபிரேமை முகத்தில் பொருத்தி, நேராகப் பார்க்கச் சொல்லி, மாதிரி லென்ஸில் ஒவ்வொரு பாவைக்கும் தனித்தனியே பேனாவால் புள்ளி வைத்தார்கள். மூக்கின் நடுவிலிருந்து வலம் 31 மி.மீ., இடம் 33 மி.மீ. நான் பணம் கொடுத்ததில் மிகவும் பயன் தந்தது இந்த இரண்டு புள்ளிகள்தான்.

லென்ஸ் சரியானதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அதன்மேல் ஊதி, விளக்கொளியில் சாய்த்துப் பிடியுங்கள். லேசரால் பொறித்த இரண்டு நுண்குறிகள் 34 மி.மீ. இடைவெளியில் தெரியும். காதுப்பக்கக் குறிக்குக் கீழே கூடுதல் பவர் இருக்கும். என் லென்ஸில் 20 என்று இருக்கிறது.

குறைகளும் உண்டு. முதல் சில நாட்கள் படியிறங்கும்போது தரை மிதப்பதுபோல் தோன்றும். தலையைக் குனிந்து பார்த்து இறங்கப் பழகினால் சரியாகும். நாள் முழுக்கப் பெரிய கணினித் திரையைப் பார்ப்பவர்களுக்கு இது போதாது, கழுத்து வலிக்கும். நான் அலுவலகத்துக்குத் தனிக் கண்ணாடி வைத்திருக்கிறேன். வெயிலில் நிற்கும் காருக்குள் எந்தக் கண்ணாடியையும் விட்டுவைக்காதீர்கள், பூச்சு வெடித்துவிடும்.