லைக்கா டி-லக்ஸ் 7: சிவப்புப் பொட்டுக்கு எவ்வளவு குடுக்கலாம்?

"மச்சான், பம்பலப்பிட்டியில பாவிச்ச லைக்கா டி-லக்ஸ் 7 கமரா ஒண்டு வந்திருக்கு. வந்து பார்த்துச் சொல்லு" என்று சிநேகிதன் கூப்பிட்டான். முன்பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பொட்டுத்தான் லைக்கா கம்பனியின் அடையாளம். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று படம் எடுத்துத் திரிகிறவன் நான். அந்த லைக்கா உள்ளே பானசோனிக்கின் எல்எக்ஸ்100 மார்க் 2 கமராதான். என்னுடைய எல்எக்ஸ்100 மார்க் 2ஐயும் கொண்டுபோய்க் கடை மேசையில் பக்கத்தில் வைத்தேன்.

படம் பதிகிற அதே சென்சர், அதே 17 மெகாபிக்சல், அதே 24-75 சூம் லென்ஸ். 4:3, 3:2 என்று படத்தின் நீள அகல விகிதத்தை மாற்றுகிற சின்ன விசைகூட லென்ஸில் அதே இடத்தில்தான். பானசோனிக்கின் லென்ஸ் வளையத்திலும் லைக்கா என்றுதான் எழுதியிருக்கிறது! வித்தியாசம் வெளியில்: லைக்காவில் முன்பக்கப் பிடி இல்லை, வழுவழு என்று அழகாக இருக்கும். கொழும்பு வெயிலில் வேர்த்த கைக்கு அது வழுக்கும். மெனுவின் முகம் வேறு, ஜேபெக் நிறம் கொஞ்சம் வேறு. கமரா நிறம் சேர்க்காத றோ கோப்பாக எடுத்தால் அதுவும் பெரிதாகத் தெரியாது.

2018இல் பானசோனிக் ஏறக்குறைய 1,000 டாலருக்கு வந்தது, லைக்கா 1,195 டாலருக்கு. ஆக, பொட்டின் விலை கிட்டத்தட்ட 200 டாலர். செய்கூலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லைக்காவின் எம் வரிசை என்றால் வேறு கதை. ஜெர்மனியின் வெட்ஸ்லாரில் கையால் பூட்டி, குவியம் காட்டும் பொறியைச் சரிபார்த்து, குறைந்த எண்ணிக்கையில் செய்கிறார்கள். ஒரு கமராவின் தலையில் விழும் செலவு கூடத்தான். ஆனால் அங்கேயும் விலை செலவோடு மட்டும் போகவில்லை. 2022இல் எம்11 வந்தபோது 8,995 டாலர். 2024இல் பின்பக்கத் திரையே இல்லாமல் எம்11-டி வந்தது, 9,395 டாலருக்கு. எம்11ஐவிட உள் நினைவகம் அதிகம் என்பது உண்மைதான், அதற்காக 400 டாலரா? திரை இல்லாத கமரா வேண்டும் என்று கேட்கிற ஆளிடம் காசு இருக்கும் என்று கம்பனிக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பெயர் மட்டும் எப்போதும் எடுபடாது. 2012இல் ஹாசல்பிளாட் என்ற பெயர்பெற்ற கமராக் கம்பனி, சோனி நெக்ஸ்-7 கமராவின் உள்ளுறுப்புகளுக்கு மரப்பிடி போட்டு, லூனார் என்ற பெயரில் சுமார் 5,000 யூரோ சொன்னது. சனம் சிரித்தது.

எங்கள் ஊரில் இதற்குமேல் 18 வீத வற் வரியும் டாலர் விலையும் ஏறி உட்காரும். 200 டாலர் இடைவெளி ரூபாவில் நன்றாகவே சுடும். லைக்காவைத் திருப்பி விற்றால் அந்தப் பொட்டுக்குக் கொஞ்சம் காசு திரும்பி வரும். இரண்டு வருடத்தில் விற்கிற எண்ணமிருந்தால் எடுக்கலாம். படம் எடுக்க மட்டும் என்றால் பானசோனிக்கைத் தேடு என்றுதான் அவனுக்குச் சொன்னேன்.

எதை எடுத்தாலும் கடையிலேயே லென்ஸின் ஒளித்துளையை ஆகச் சின்னதான எஃப்16இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, தூசிப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். லென்ஸ் உள்ளே வெளியே போய்வரும்போது தூசியை இழுத்துச் சென்சரில் விடுகிற வருத்தம் இரண்டுக்கும் உண்டு.