பிராக் தேசிய அரங்கம்: மேல் கேலரிக்கே டிக்கெட் எடுங்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராகில் இறங்கிய முதல் நாளே ஏமாந்தேன். பழைய நகரச் சதுக்கத்துப் பக்கம் நடந்தால் வெள்ளை விக்கும் பட்டுக் கோட்டும் மாட்டிக்கொண்டு இசைமேதை மொசார்ட் காலத்து ஆள் மாதிரி யாராவது ஒருவர் குறுக்கே வந்து துண்டுச் சீட்டு நீட்டுவார், சிரித்துச் சிரித்துப் பேசுவார், கடைசி இரண்டு இடம்தான் பாக்கி என்பார். வாங்கிவிட்டேன். ஒரு மணி நேரம் நடந்தது. எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகளில் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்து வாசித்தார்கள், ஒன்று சூடு பிடிப்பதற்குள் அடுத்தது. வாசித்தவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் வெளியே வந்து கணக்குப் பார்த்தால் அந்த இரண்டு சீட்டுக் காசில் தேசிய அரங்கத்து மேல் கேலரியில் நாலு பேர் உட்கார்ந்து முழு ஓபரா, அதாவது பாட்டாலேயே நடத்துகிற நாடகம், பார்த்திருக்கலாம். கூட வந்த அம்மா ரொம்பப் பேசவில்லை. "வேஷம் கட்டிக்கிட்டு தெருவுல நிக்கறவன்கிட்ட சீட்டு வாங்கினா இப்படித்தான்டா" என்றதோடு சரி.

அந்தக் கோபத்தில்தான் அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து தேசிய அரங்கத்தின் சொந்த இணையதளத்தில் மூன்று நாளுக்கு டிக்கெட் போட்டேன். ஒரு ஓபரா, ஒரு பாலே நடனம், ஒரு நாடகம். செக் மொழியில் நாரொத்னி திவத்லோ என்கிறார்கள். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே இதில் தடுமாறினேன். இது ஒரே கட்டடம் இல்லை. நிர்வாகம் ஒன்று, அரங்குகள் பல. ஆற்றங்கரையில் தங்கக் கிரீடம் வைத்த மாதிரிக் கூரையோடு நிற்பது தேசிய அரங்கம். அதை ஒட்டிக் கண்ணாடிக் கட்டிகளை அடுக்கினாற்போல் இருப்பது 1983இல் திறந்த புதிய மேடை. பழைய நகருக்குள் இருப்பது எஸ்டேட்ஸ் அரங்கம், ரயில் நிலையத்துப் பக்கம் இருப்பது ஸ்டேட் ஓபரா. ஸ்டேட் ஓபரா 2012இல்தான் இதோடு சேர்ந்தது. எந்தக் கட்டடம் என்பது டிக்கெட்டிலேயே இருக்கும், படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் பாலே அன்றைக்குப் படிக்காமல் ஆற்றங்கரைக்குப் போய் நின்று, அப்புறம் அம்மாவையும் இழுத்துக்கொண்டு ஊரின் அந்தக் கோடிக்கு ஓடினேன். தப்பு முழுக்க என்னுடையது.

சரி, ஓபராவுக்கு வருகிறேன். தேசிய அரங்கத்தில் இரண்டாம் கேலரி, அதாவது கட்டடத்தின் உச்சி. ஐந்நூறு கொருனாவுக்குள் (செக் நாட்டுப் பணம்) கிடைத்தது. படி ஏறித்தான் போனோம், நிறையப் படி, அம்மா ஒவ்வொரு தளத்திலும் நின்று தூண்களைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டார். முட்டி வலி உள்ளவர்கள் கூட இருந்தால் இதை யோசித்து எடுங்கள். மேலே போய் உட்கார்ந்ததும் முதலில் கொஞ்சம் தலை சுற்றும், அவ்வளவு செங்குத்து, முன் வரிசைக்காரரின் தலை உங்கள் முட்டிக்குக் கீழே இருக்கும். பழகிவிட்டால் அதுவே வசதி. மறைக்க யாரும் இல்லை. கூரையில் பிரான்டிஷெக் ஜெனீஷெக் வரைந்த ஓவியம் கிட்டத்தில் தெரியும், கீழே விலை கூடிய இடத்தில் இருப்பவர்கள் கழுத்தை ஒடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்க வேண்டும். மேடை வளைவுக்கு மேலே பொன்னெழுத்தில் இரண்டே வார்த்தை: நாரொத் சொபியெ. தேசம் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டது என்று பொருள் சொல்லலாம். அதை நேருக்கு நேராகப் பார்க்கிற இடம் மலிவு டிக்கெட் எடுத்தவர்களுடையது.

அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற கதையைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற பார்வையே வேறு. அப்போது பிராக் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்து ஆட்சியில் இருந்தது, பெரிய இடங்களில் எல்லாம் ஜெர்மன் மொழிதான். செக் மொழியில் நாடகம் போட, பாட, தங்களுக்கென்று ஒரு அரங்கு வேண்டும் என்று ஊர் ஊராக வசூல் செய்தார்கள். 1868 மே 16 அன்று அடிக்கல் நாட்டினார்கள், அதுவும் ஒரு கல் இல்லை, ரீப் மலை போல அவர்கள் போற்றுகிற இடங்களில் இருந்தெல்லாம் கற்கள் வந்தன. சிகாகோவுக்குப் பிழைக்கப் போன செக் மக்கள் அனுப்பிய கல்லும் அதில் இருக்கிறது, ரத்தம் சேர்த்ததைக் கடல் பிரிக்காது என்கிற பொருளில் அதில் எழுதியிருக்கிறார்கள். பதின்மூன்று வருஷம் கழித்து 1881 ஜூன் 11இல் செக் இசையமைப்பாளர் ஸ்மெதானாவின் லிபுஷே ஓபராவோடு திறந்தார்கள். ஆகஸ்ட் 12இல் எரிந்துவிட்டது. இரண்டே மாதம். கூரையில் வேலை நடந்துகொண்டிருந்தபோது பிடித்த தீ. மேடை போச்சு, பார்வையாளர் கூடம் போச்சு, திரை போச்சு.

நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். அவர்கள் மறுபடி உண்டியல் ஏந்தினார்கள், 47 நாளில் அன்றைய நாணயத்தில் பத்து லட்சம் குல்டன் சேர்ந்தது. முதலில் கட்டிய யோசெஃப் சீதெக்குக்குப் பதிலாக யோசெஃப் ஷுல்ஸ் என்பவர் வேலையை ஏற்றார். 1883 நவம்பர் 18இல் அதே லிபுஷேவோடு இரண்டாம் முறை திறந்தார்கள். இப்போது தொங்குகிற திரை வொய்த்யெக் ஹினாய்ஸ் வரைந்தது, அதில் இருப்பதே இந்த அரங்கத்துக்காக மக்கள் கொடுத்த கதைதான். ஆட்டம் தொடங்க இருபது நிமிஷம் முன்னாலேயே போய் உட்காருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். திரையைப் பார்க்கவே அவ்வளவு நேரம் வேண்டும். நாங்கள் போனபோது பக்கத்தில் ஒரு பாட்டி பேரனுக்குத் திரையில் ஒவ்வொரு உருவமாகக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் என்ன சொல்கிறார் என்று புரிந்தது.

நாங்கள் பார்த்தது செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ருசால்கா. 1901 மார்ச் 31இல் முதன்முதலில் அரங்கேறியது இதே மேடையில். இன்னொரு விஷயம், இந்தப் பெரிய கட்டடம் வருவதற்கு முன்னால் இதே இடத்தில் 1862இல் இருந்து ஒரு தற்காலிக அரங்கு இருந்தது, அதன் வாத்தியக் குழுவில் வயோலா வாசித்தவர்களில் ஒருவர் த்வோர்ஷாக். பின்னால் ஓரமாக உட்கார்ந்து வாசித்த ஆள் எழுதிய ஓபராவை அதே மண்ணில் கேட்கிறோம்.

கதை சுருக்கமாக: ஏரியில் வாழும் நீர்ப்பெண் ஒருத்தி குளிக்க வருகிற இளவரசன் மேல் ஆசைப்படுகிறாள். யெஜிபாபா என்கிற சூனியக்காரக் கிழவி அவளை மனுஷியாக்குகிறாள், ஆனால் மனிதர்கள் முன்னால் வாய் பேச முடியாது. ஆக, ஓபராவின் கதாநாயகிக்கு இரண்டாம் அங்கத்தில் பெரும்பகுதி பாட்டே கிடையாது. சுற்றி எல்லோரும் பாடுகிறார்கள், விருந்து நடக்கிறது, அந்நிய இளவரசி ஒருத்தி வந்து தொண்டை கிழிய உரிமை கொண்டாடுகிறாள், இவள் மட்டும் வெள்ளை உடையில் பேசாமல் அலைகிறாள். மொழி தெரியாமல் மூன்று நாளாகக் கடைகளில் கை ஜாடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு அது நன்றாகவே உறைத்தது. முதல் அங்கத்தில் நிலாவைப் பார்த்துப் பாடுகிற பாட்டு பிரபலம், அதற்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். எனக்கு அதைவிட அந்த மௌனம்தான் பிடித்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் ஒரு பத்து நிமிஷம் கண் அசந்துவிட்டேன், அம்மா முழங்கையால் இடித்து எழுப்பினார்.

இடைவேளைகளோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே சிற்றுண்டிக் கடையில் க்லெபீச்கி என்று ரொட்டித் துண்டின் மேல் உருளைக்கிழங்கு சாலட், முட்டை, பன்றி இறைச்சி எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். சைவம் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள், இறைச்சி இல்லாததுபோல் தெரியும், கடித்தால் அடியில் இருக்கும். ஊர்க்காரர்கள் ஒரு கையில் அதையும் இன்னொரு கையில் நுரைக்கிற ஒயினையும் வைத்துக்கொண்டு நின்றபடியே பேசுகிறார்கள். நம் சபா கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குக் கிளம்புகிற பழக்கம் உள்ளவர்கள் இங்கே அடக்கிக்கொள்ள வேண்டும், நடுவில் யாரும் அசைவதில்லை. கோட்டைக் கீழே ஒப்படைத்துவிட்டுத்தான் மேலே போவது வழக்கம். வரிசைக்குள் நுழையும்போது உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டித்தான் நகர வேண்டும். நான் முதலில் முதுகைக் காட்டிக்கொண்டு போனேன், யாரும் எதுவும் சொல்லவில்லை, பார்த்த பார்வையே போதும். உடை விஷயத்தில் சுற்றுலாக்காரர் ஜீன்ஸில் வந்தாலும் விடுகிறார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் நன்றாக உடுத்தித்தான் வருகிறார்கள். அம்மா காஞ்சிப் பட்டில் வந்திருந்தார், அந்தத் தளத்திலேயே அவர்தான் பொருத்தமாக இருந்தார்.

பாலே ஸ்டேட் ஓபராவில், அன்ன ஏரி. செக் மக்கள் தங்கள் அரங்கத்தைத் திறந்து ஐந்து வருஷத்தில், 1888இல், ஊரில் இருந்த ஜெர்மன்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட அரங்கு இது. இரண்டும் இன்றைக்கு ஒரே நிர்வாகத்தில். 2020 ஜனவரியில் பெரிய புதுப்பிப்பு வேலை முடிந்து திறந்ததால் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. இங்கேயும் மேலேதான் உட்கார்ந்தோம், பாலேவுக்கு மேலே இருப்பது இன்னும் நல்லது. கீழே இருந்தால் முன்னால் ஆடுபவர் மட்டும் தெரிவார், மேலே இருந்தால் இருபதுக்கு மேற்பட்ட அன்னங்கள் வரிசை பிரிந்து, வளைந்து, கலைந்து மறுபடி சேர்கிற கோலம் முழுசாகத் தெரியும். டிவியில் பார்க்கும்போது தெரியாத ஒன்று, அந்தக் கால்விரல் காலணிகள் தரையில் தட்டுகிற சத்தம். பஞ்சு மாதிரி மிதக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், டக் டக்கென்று கேட்கிறது. அம்மாவுக்கு அந்தச் சத்தம்தான் பிடித்தது, "கஷ்டப்படறது காதுல விழுதுடா" என்றார். முதல் முறை போகிறவர்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள் பாலேவில் தொடங்குங்கள். மொழித் தொல்லை இல்லை.

நாடகம் எஸ்டேட்ஸ் அரங்கில், நான் மட்டும் போனேன். அம்மா விடுதியில் கால் நீட்டிக்கொண்டார். 1787 அக்டோபர் 29இல் மொசார்ட் தானே நடத்த அவருடைய டான் ஜியோவன்னி ஓபரா முதலில் அரங்கேறியது இங்கேதான். சதுக்கத்தில் விக் மாட்டித் திரிகிறவர்களுக்கு எல்லாம் பிழைப்பு இந்த ஒரு ராத்திரியில் இருந்துதான் வருகிறது என்று தோன்றியது. செக் தேசிய கீதமும் 1834இல் இங்கே ஒரு நாடகத்துக்குள் பாட்டாகத்தான் முதலில் ஒலித்தது. கூடம் சின்னது, நீலமும் பொன்னுமாக நகைப் பெட்டி மாதிரி. ஆனால் நாடகம் செக் மொழியில். ஓபராவுக்குச் செக், ஆங்கிலம் இரண்டிலும் மேடைக்கு மேலே சப்டைட்டில் ஓடும். நாடகத்துக்குச் சில நாள் மட்டும்தான் ஆங்கிலம் உண்டு, டிக்கெட் போடும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துப் போடுங்கள். நான் பார்த்துத்தான் போட்டேன், அப்படியும் முழுசாக ஒட்டவில்லை. நகைச்சுவை நாடகம். பலகையைப் படிக்கிற நாங்கள் ஏழெட்டுப் பேர் நடிகர் வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுகிறோம், அப்புறம் கூடம் முழுக்க ஒரே நேரத்தில் சிரிக்கும்போது நாங்கள் அடுத்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறோம். நடிகரின் முகத்தைப் பார்த்தால் வரி போய்விடும், வரியைப் பார்த்தால் முகம் போய்விடும். கட்டடத்துக்காகப் போவதானால் இங்கே ஓபரா போடுகிற நாளைத் தேடிப் பிடியுங்கள்.

மதிப்பெண் கேட்டால், தேசிய அரங்கத்து ஓபராவுக்கு ஐந்துக்கு ஐந்து, தூங்கிய பத்து நிமிஷத்தையும் சேர்த்து. பாலேவுக்கு நாலரை. நாடகத்துக்குத் தருகிற மூன்றும் அந்த நீலக் கூடத்துக்கு. பிராகில் ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆற்றங்கரைக் கட்டடத்தில் அன்றைக்கு என்ன ஓடுகிறதோ அதற்கு மேல் கேலரி. வாசலிலேயே டிராம் நிற்கும், நிறுத்தத்தின் பெயரே அரங்கத்தின் பெயர். மெட்ரோ என்றால் நாரொத்னி த்ரீதாவில் இறங்கி ஐந்து நிமிஷ நடை. முடிந்ததும் உடனே டிராம் ஏறிவிடாமல் பக்கத்துப் பாலத்தில் பாதி வரை நடந்து திரும்பிப் பாருங்கள், தங்கக் கூரையில் விளக்கு விழுந்திருக்கும், கீழே வல்தாவா ஆற்றில் அது நெளியும். குளிரில் அம்மா கால் மணி நேரம் நின்றார், நான்தான் கிளம்பலாம் என்று நச்சரித்தேன்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வழக்கமான நிகழ்ச்சிகளுக்கு விடுமுறை, அந்த நாளில் போனால் கட்டடத்தை வெளியில் இருந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அம்மா பேச்சைக் கேட்டுக் குடும்பத்தோடு கிளம்புகிறார், நேற்று சந்தோஷமாக வந்து ஜூலை 20க்கு விமான டிக்கெட் எடுத்தாயிற்று என்றார். இன்னும் நான் அவரிடம் சொல்லவில்லை.