ஓட்டை விழுந்த விறகடுப்பு: ஆறாண்டு அனுபவம்

சென்ற வாரம் என் அடுப்பின் உள்கூட்டை, அதாவது தீ எரியும் உட்புறத் தகட்டுக் கூட்டை, இரண்டாம் முறையாக மாற்றினேன். பட்டறையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று மாலையே, என்னோடு முன்பு ஒரே பள்ளியில் பணியாற்றிய தோழி பினாங்கின் ஜெலுத்தோங்கிலிருந்து அழைத்தார். நான் 2019 டிசம்பரில் 420 மலேசிய வெள்ளிக்கு வாங்கிய அதே அடுப்பு இப்போது 260 வெள்ளிக்கு இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். கையில் கரி இன்னும் போகவில்லை. மனத்தில் கோபமும் போகவில்லை. "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அந்தப் பதில் நியாயமானதுதானா என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன். தொலைபேசியில் சொல்லாமல் விட்ட காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

ராக்கெட் அடுப்பு என்று பலரும் அறிந்த வகைதான் இது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அப்ரவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980களில் வகுத்த முறை: கீழே கிடையாக ஒரு வாய், அதிலிருந்து செங்குத்தாக எழும் ஒரு குழாய், குழாயைச் சுற்றி வெப்பம் வெளியே போகாதபடி இலேசான காப்புப் பொருள்.

பினாங்கின் வெப்பத்தில் குளியல் வெந்நீருக்கு அடுப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீடு பாலேக் புலாவில், மலையடிவாரத்தில் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மாலையில் குழாய்த் தண்ணீர் அம்மாவின் எண்பத்து நான்கு வயது முழங்காலுக்குப் பொறுக்காது. குளியலறையில் மின்சார வெந்நீர்க் கருவி இருக்கிறது. ஆனால் அம்மா அதைத் தொடுவதில்லை. செபராங் பிறையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், லயத்து வீட்டின் பின்புறம் மூன்று கல் கூட்டி, அண்டாவில் காய்ச்சிய தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்து வளர்ந்த உடம்பு அவருடையது. தலைக்கு மேல் ஊசி ஊசியாகத் தெறிக்கும் தண்ணீர் அவருக்குக் குளியலே அல்ல. ஆகவே நாள்தோறும் மாலையில் 20 லிட்டர் தண்ணீரை இந்த அடுப்பில்தான் காய்ச்சுகிறோம். பொங்கலுக்குப் பானை ஏற்றுவதும் இதில்தான்.

முதலில் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உண்மையானது. நன்றாகக் காய்ந்த கட்டையை வைத்தால் ஐந்து நிமிடத்திற்குப் பிறகு இந்த அடுப்பின் மேல்வாயில் கண்ணுக்குப் புகையே தெரிவதில்லை. விறகைச் சூடாக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாயுவாகத்தான் வெளியேறுகிறது. அந்த வாயு எரிந்தால் சுடர், எரியாமல் தப்பினால் புகை. அதை எரிக்க ஏறத்தாழ 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், போதிய காற்று வேண்டும், இரண்டும் கலந்து எரிய இடமும் வேண்டும். மூன்று கல் அடுப்பில் சூடு நாலாபக்கமும் சிதறுவதால் புகையில் ஒரு பங்கு எரியாமலே ஓடிவிடும். இங்கே காப்பிட்ட குழாய்க்குள் அது எரிந்து தீர்கிறது. அண்டாவின் அடியில் தடித்த கரி படியாததும், அம்மா அடுப்புக்கு முன் முக்காலி போட்டு அமர்ந்திருந்தும் கண் கலங்காமல் பேசிக்கொண்டிருப்பதும் இதனால்தான். வாங்கிய முதல் மாதத்தில் கட்டையை நிறுத்துப் பார்த்தேன்: 20 லிட்டர் தண்ணீரைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 700 கிராம் போதுமானதாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதே தண்ணீரை ஒருநாள் மூன்று கல் வைத்துக் காய்ச்சியதில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போயிற்று.

ஆனால் "நன்றாகக் காய்ந்த கட்டை" என்ற அந்த மூன்று சொல்லில்தான் இந்த அடுப்பின் முழுத் தொல்லையும் அடங்கியிருக்கிறது. கையேட்டில் அதற்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள்: ஈரப்பதம் 20 சதவீதத்திற்கு மேல் இருக்கக் கூடாது. அந்த 20 எதற்கு 20 என்று சொல்லவில்லை. ஈரத்தோடு சேர்ந்த மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்பதே அதன் பொருள். கடையில் கிடைக்கும் ஈரப்பத மானிகளோ உலர்ந்த கட்டையின் எடையை அடிப்படையாக வைத்து அளப்பவை. அதே கட்டைக்கு அவை 25 காட்டும். இது தெரியாமல் முதலாண்டு முழுவதும், எரிக்கத் தகுந்த கட்டைகளைக் கூடத் தகாதவை என்று ஒதுக்கிக் கொண்டிருந்தேன். மறுபக்கம், மானியின் ஊசிகளைக் கட்டையின் வெளிப்புறத்தில் குத்தி 17 என்று பார்த்து மகிழ்ந்து உள்ளே தள்ளிய கட்டைகள் சீறிப் புகைந்தன. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து, 'டங்' என்று கேட்டால் காய்ந்தது, 'தொப்' என்று கேட்டால் பச்சை என்று அம்மா சொல்வார். மெல்லிய கட்டைக்கு அவர் கணக்கு ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் அவர் தட்டித் தேர்ந்தெடுத்த ஒரு பருத்த ரம்புத்தான் கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரிந்த நடுப்பகுதியில் ஊசியைக் குத்தியபோது மானி 31 காட்டியது. வெளியே மட்டுமே காய்ந்திருந்தது. அன்றிலிருந்து பிளந்த முகத்தில் மட்டுமே அளக்கிறேன்.

பச்சைக் கட்டை வெப்பத்தை வீணாக்கும் என்பது எல்லாரும் சொல்வது. அது உண்மை, ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 2.26 மெகாஜூல் போய்விடுகிறது. ஆனால் எரித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வெப்ப இழப்பைவிடப் பெரிய கேடு வேறொன்று இருக்கிறது. ஈரம் இருக்கும்வரை உள்கூடு புகையை எரிக்கும் சூட்டை எட்டுவதே இல்லை. அப்போது இந்த அடுப்புக்கும் மூன்று கல்லுக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. வாய் சிறியது என்பதால் சில நாள் மூன்று கல்லைவிட மோசமாகக்கூடப் புகைகிறது.

பினாங்கின் காற்றோ கட்டையைக் காயவிடுவதற்கு எளிதில் சம்மதிக்காது. கூரையடியில் மாதக்கணக்கில் கிடந்த கட்டையும் என் மானியில் 16, 17க்குக் கீழே இறங்கியதில்லை. அதற்கு மேல் காயவைக்க நம் காற்றில் வறட்சி இல்லை. செப்டம்பர், அக்டோபர் மழையில் அதுவும் ஏறிவிடுகிறது. ஜனவரியும் பிப்ரவரியும்தான் நமக்கு வாய்த்த வெயில் காலம், பொங்கலும் தைப்பூசமும் வரும் மாதங்கள். அந்த எட்டு வாரத்தில் ஆண்டு முழுவதற்குமான கட்டையைப் பிளந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, இரண்டு பக்கமும் காற்று புகும்படி அடுக்கி, மேலே தகரம் போட்டாக வேண்டும். அடுப்பின் வாய் சிறியதாகையால் ஒவ்வொரு கட்டையையும் பெருவிரல் தடிமனுக்குப் பிளக்க வேண்டும். அருகில் உள்ள பழத்தோட்டங்களில் கழித்துப்போடும் ரம்புத்தான் கிளைகள் எனக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட்டால் எளிது, காய்ந்தபின் அந்தக் கட்டை இரும்பு. துரியான் கட்டை இலேசானது, விரைவில் எரிந்து தீர்ந்துவிடும். பால்மரக் கட்டை எரிவதற்கு இதமானது, ஆனால் அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில வாரங்களில் வண்டு துளைத்து மாவாக உதிர்க்கத் தொடங்கும். அதைச் சேர்த்துவைத்து ஓராண்டு காக்க முடியாது.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன். 2022இல், மூன்றாவது ஆண்டில், தணல் குவியும் இடத்தில் உள்கூட்டின் தகடு செதிள் செதிளாக உரிந்து ஓட்டை விழுந்தது. விற்ற நிறுவனத்தை அழைத்தேன். ஈரக் கட்டை எரித்திருப்பீர்கள், அதனால்தான் என்றார்கள். ஆண்டுதோறும் தை மாதத்து வெயிலில் முதுகு ஒடியப் பிளந்து, அடுக்கி, அளந்து எரித்தவனிடம் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். மாற்று உள்கூட்டை 140 வெள்ளிக்கு விற்றார்கள், வாங்கினேன். இவ்வாண்டு அதுவும் அதே இடத்தில் ஓட்டையாயிற்று. இம்முறை உதிரிப் பாகம் இருப்பில் இல்லை, விலை குறைந்துவிட்டதே, புதிய அடுப்பையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கிடைத்தது. எளிதில் தேயக்கூடிய ஒரே பாகத்தை விற்காமல் முழு அடுப்பையும் எறியச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. விலை இறங்கியிருக்கிறது என்று தோழி சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த உரையாடல்தான்.

கோபம் தணிந்தபின் நானே நினைத்துப் பார்த்தேன். ஈரக் கட்டை தீயின் சூட்டைக் குறைக்கும். சூடு குறைந்த தீ, அடுப்பிலேயே மிகச் சூடான இடத்தைத் தேடித் தின்னும் என்பது பொருந்தவில்லை. ஆனால் அதற்காக என் பக்கம் தவறே இல்லை என்றும் சொல்ல இயலாது. இந்த ஆறு ஆண்டும் நான் தீ மூட்டியது தென்னம்பாளையையும் தேங்காய் மட்டையையும் கொண்டுதான். பின்புறத்தில் தென்னை நிற்கிறது. பாளையைப் போலச் சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள் வேறில்லை. தென்னையின் இப்பாகங்களில் பொட்டாசியமும் குளோரைடும் மிகுதி. சூட்டில் குளோரைடு, உள்கூட்டின் துருப்பிடிக்கா எஃகுத் தகட்டைக் காக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடுப் படலத்தைச் சிதைத்துவிடும். கடலோரத்தில் ஒதுங்கும் கட்டையை எரிக்கக் கூடாது என்பதும் இதே உப்பினால்தான். தகடு மெல்லியது, பாளை உப்பானது. இரண்டும் சேர்ந்து அதை அரித்திருக்க வேண்டும் என்பதே என் முடிவு. தென்னை மண்டிய நாட்டில் விற்கும் அடுப்பின் கையேட்டில் இதற்கு ஒரு வரி இல்லாதது பெரிய குறை. இப்போது காய்ந்த ரம்புத்தான் சிராய்களை வைத்தே மூட்டுகிறேன். இரண்டு நிமிடம் கூடுதலாகிறது, அவ்வளவுதான்.

புதிய உள்கூட்டை எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் 2 மில்லிமீட்டர் தகட்டில் செய்து தந்தார். கூலியும் பொருளுமாக 110 வெள்ளி. பழையது அதில் பாதித் தடிமன்கூட இல்லை. செங்கல் வைத்துக் கட்டிவிட்டால் ஒருநாளும் ஓட்டை விழாதே என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். கனமான செங்கல் முதல் அரைமணி நேரத்துச் சூட்டைத் தானே குடித்துவிடும், நாற்பது நிமிடமே எரியும் அடுப்புக்கு அது ஆகாது என்பதால் வேண்டாமென்றேன்.

பணம் மிச்சமாகும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 14 கிலோ எரிவாயுத் தோம்பு 26 வெள்ளி 60 காசு. அம்மாவின் குளியல் தண்ணீருக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினால் ஏறக்குறைய நான்கு மாதம் வரும். நாளொன்றுக்கு 23 காசு. ஆறு ஆண்டுக்கு 500 வெள்ளி. நான் அடுப்புக்கும் இரண்டு உள்கூட்டுக்கும் 670 வெள்ளி செலவழித்திருக்கிறேன், மானியும் கொட்டகைத் தகரமும் தனி. விறகு இலவசமாகக் கிடைத்தும் இதுதான் நிலை.

புகை தெரியவில்லை என்பதால் காற்று தூயதாக இருக்கிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள்களைக் கண் காணாது. நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு, கடைசியில் தணல் மட்டும் கனன்று கொண்டிருக்கும்போதுதான் மிகுதியாக வரும். வீட்டுக்குள் எரிக்கும் அடுப்புகளால் மாசடையும் காற்று 2020இல் உலகெங்கும் 32 லட்சம் பேரின் உயிரைப் பறித்தது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எங்கள் அடுப்பு இரண்டு பக்கமும் திறந்த பின்புறத் தாழ்வாரத்தில் இருக்கிறது. மழைச் சாரல் அடிக்கிறது என்று ஒருநாளும் அதை அடுப்பங்கரைக்குள் கொண்டுபோனதில்லை. புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பற்றவைப்பதும் இல்லை. அன்றைக்கு அம்மாவுக்கு எரிவாயு அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பேன். அவர் முகம் சுளித்தாலும் அதுதான் முறை.

தோழியின் வீடு ஜெலுத்தோங்கில் வரிசை வீடு. பின்பக்கம் சுவரால் அடைபட்டிருக்கிறது. விறகு அடுக்க இடமில்லை. கட்டையையும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். 160 வெள்ளி குறைந்திருப்பதால் இவற்றில் ஒன்றும் மாறப்போவதில்லை. ஆகவே நான் சொன்ன "வேண்டாம்" என்ற பதிலை மாற்றிக்கொள்ளவில்லை. அவரோ, அப்படியானால் நீங்கள் ஏன் 110 வெள்ளி கொடுத்துப் பழுதுபார்த்தீர்கள் என்று கேட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரட்டும். அடுப்பைக் காட்டுவதற்கு முன் அவரைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்று, பாராங் கத்தியைக் கையில் கொடுத்து, அன்றைய மாலைக்கு வேண்டிய 700 கிராம் கட்டையைப் பிளந்து தரச் சொல்லப்போகிறேன்.