பழைய ஹமதான் கம்பளம் என்று விற்றார்கள், வந்தது புதுசு

நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஈரானிய கிராமத்துக் கம்பளம், ஹமதான் பக்கத்தில் நெய்தது, ஹெராத்தி பூ வேலைப்பாடு என்று சொல்லி ஒரு வியாபாரி எனக்கு விற்றார். அனுப்பிய படங்கள் எல்லாம் முன்பக்கம்தான். பின்பக்கப் படம் கேட்டபோது, "சுருட்டிக் கட்டியாச்சு" என்று பதில் வந்தது.

கம்பளம் வந்ததும் விரித்தேன். நடுவில் பூ, அதைச் சுற்றிச் சாய்சதுரம், வெளியே வளைந்த நான்கு இலைகள்: ஹெராத்தி அமைப்பு சரிதான். ஆனால் அத்தனை பூவும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு. கரையில் ஓடும் கொடி நான்கு மூலையிலும் பிசகாமல் திரும்புகிறது. கிராமத்துப் பெண்கள் பெரும்பாலும் மனதில் உள்ள பூவையே முடிச்சுப் போட்டார்கள். மூலைக்கு வரும்போது கொடி நெருங்கும், ஒரு பூ பாதியில் நிற்கும். அந்த அழகுக்காகத்தான் நான் இதைத் தேடியதே.

சரி, நல்ல கை உள்ளவர் நெய்திருக்கலாம் என்று பின்பக்கம் திருப்பினேன். ஹமதான் கிராமங்களில் முடிச்சு வரிசைக்கு ஒரே ஊடை, அதாவது ஒரே குறுக்கு நூல், கொடுப்பதுதான் வழக்கம், அதனால் வெள்ளைப் பருத்திப் பாவு (நெடுக்கு நூல்) பின்னால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதில் வரிசைக்கு இரண்டு ஊடை, புள்ளியே இல்லை. கம்பளி நூலைப் பிரித்துப் பார்த்தால் நுனி மட்டும் வெளிறி, கீழே சட்டென்று பளிச் சிவப்பு. வெயிலில் வருடக்கணக்காக வெளுத்த நூலில் நிறம் படிப்படியாகத்தான் மாறும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்ததும் துணி ரோஜா நிறமானது. தேய்ந்த இடங்களில் பாவு மேல் மை தடவியிருந்தார்கள். கைவேலைதான், ஆனால் புதியது. ரசாயனத்தில் கழுவிப் பழசாக்கியிருக்கிறார்கள். யார் நெய்தார்களோ, அவர்கள் உழைப்பையும் சேர்த்துக் கெடுத்ததில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

இன்னொன்றும் கவனியுங்கள். இரும்பு உப்பு சேர்த்துச் சாயமேற்றிய கரும்பழுப்பு நூல் காலப்போக்கில் அரித்துப்போகும், பூவின் ஓரக்கோடு பள்ளமாகிவிடும். எனக்கு வந்ததில் கறுப்பும் மற்ற நிறங்களும் ஒரே உயரம். இது மட்டுமே தீர்ப்பு ஆகாது, இயற்கையாகவே கறுத்த ஆட்டு ரோமம் அரிக்காது.

வியாபாரியிடம் கேட்டேன். "பழசு என்றால் அப்படித்தான் சாயம் போகும்" என்றார், அப்புறம் பதிலே இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால் பின்பக்கம், நான்கு மூலை, நூலைப் பிரித்த இடம் மூன்றுக்கும் நெருக்கமான படம் கேளுங்கள். வயதையும் ஊரையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.