எளிய இங்கிலீஷ் விளக்கம் வச்சு தனியா பைபிள் படிக்கிறது எப்படி இருக்கு? சில வருஷம் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

தமிழ் பைபிள் கையில இருக்கும்போது எதுக்கு இங்கிலீஷ் விளக்கத்தை தேடிப் போறேன்னு நிறைய பேர் கேட்டிருக்காங்க. நியாயமான கேள்விதான். நம்ம வீடுகள்ல இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு, அதான் 1871ல போவர் ஐயர் குழு கொண்டு வந்தது, மனப்பாடம் பண்ணவும் ஜெபத்துல சொல்லவும் அதை அடிச்சுக்க வேற கிடையாது. எங்க அம்மா 91ஆம் சங்கீதத்தை அரிசி களைஞ்சுகிட்டே சொல்லி முடிச்சிடுவாங்க. ஆனா எரேமியாவையோ எசேக்கியேலையோ திறந்து வச்சு இது யார்கிட்ட சொல்றாங்க, எந்த ராஜா காலத்துல, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேட்டா வசனம் மட்டும் பதில் சொல்லாது. பெரிய இங்கிலீஷ் வியாக்கியானத்தை எடுத்தா அது செமினரில படிக்கிறவங்களுக்கு எழுதினது, ரெண்டு பக்கத்துல தலை சுத்தும். நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இங்கிலீஷ் ஆபீஸ் மெயில் எழுதுற அளவுக்கு வரும், அவ்வளவுதான். அப்படி இருக்கிறவங்களுக்கு இந்த எளிய இங்கிலீஷ் விளக்கங்கள் எவ்வளவு தூரம் உதவும், எங்க காலை வாரும்னு சொல்லத்தான் இது.

நான் அதிகமா யூஸ் பண்ணது ஈஸிஇங்கிலீஷ். இங்கிலாந்துல இருக்கிற மிஷன்அசிஸ்ட்ங்கிற அமைப்பு பண்றது, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்குன்னே எழுதுறாங்க. ரெண்டு லெவல் வச்சிருக்காங்க, ஒண்ணு சுமார் 1200 வார்த்தைக்குள்ள, இன்னொண்ணு சுமார் 2800 வார்த்தைக்குள்ள. பைபிளும் இருக்கு, விளக்கமும் இருக்கு, இலவசம். இது தவிர ரெண்டு மூணு ஆப், போதகர்கள் வசனம் வசனமா எழுதி வச்ச விளக்கங்கள், அப்பப்ப யூடியூப்ல புத்தக அறிமுக வீடியோ, இப்படி மாத்தி மாத்தி ஓட்டிருக்கேன். காலைல பஸ்ல ஒரு அதிகாரம், ராத்திரி நோட்டுல நாலு வரி, இதான் நம்ம ரொட்டீன், அதுவும் எல்லா நாளும்னு பொய் சொல்ல மாட்டேன்.

முதல்ல நல்லதை சொல்லிடுறேன். எப்போ, எங்க, யாருக்கு, இந்த மூணு கேள்விக்கு இதை விட சுலபமா பதில் கிடைக்கிற இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. உதாரணத்துக்கு ஆகாய் தீர்க்கதரிசியோட புத்தகம். ரெண்டே அதிகாரம், மொத்தம் 38 வசனம், நம்ம சபைகள்ல கட்டட நிதி திரட்டும்போது மட்டும்தான் அந்த புத்தகம் வெளிய வரும். விளக்கத்தை வச்சு படிச்சா, தரியு ராஜாவோட இரண்டாம் வருஷம்னா கி.மு. 520, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் ஆட்கள் எருசலேம் ஆலயத்தை எரிச்சது 586, பெர்சிய ராஜா கோரேஸ் பிடிபட்டவங்களை ஊருக்குத் திரும்பிப் போகலாம்னு விட்டது 538 வாக்குல, திரும்பி வந்தவங்க அஸ்திபாரம் போட்டுட்டு எதிர்ப்பு வந்ததும் கிட்டத்தட்ட 16 வருஷம் வேலையை நிறுத்தி வச்சிருந்தாங்க, அந்த நேரத்துலதான் இந்த மனுஷன் எந்திரிச்சு பேசுறாருன்னு புரியுது. கூடவே எஸ்றா 5, 6 படிங்கன்னு அங்கயே போட்டிருப்பாங்க. அப்படி படிச்சா அந்த ரெண்டு அதிகாரமும் ஒரே மூச்சுல ஓடுது.

பவுல் நிருபங்களும் இதே மாதிரிதான். ரோமர் முதல்ல இருக்கிறதால அதைத்தான் முதல்ல எழுதினார்னு பலபேர் நினைச்சுகிட்டிருக்காங்க, ஆனா அந்த வரிசை கிட்டத்தட்ட நீளத்தை வச்சு போட்டது, சபைகளுக்கு எழுதினது பெருசுல இருந்து சிறுசு, அப்புறம் தனி ஆட்களுக்கு எழுதினது. தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபம்தான் ரொம்ப முந்தினதுல ஒண்ணு. எப்படி தெரியும்னா, அப்போஸ்தலர் 18ல கல்லியோன்னு ஒரு அதிபதி வர்றார்ல, அவர் பேர் கிரேக்க நாட்டு டெல்பி கல்வெட்டுல இருக்கு, அதை வச்சு பவுல் கொரிந்துல இருந்தது கி.பி. 50, 51 பக்கம்னு கணக்கு போடுறாங்க. இதெல்லாம் ஞாயிறு பிரசங்கத்துல வராது, வரணும்னு எதிர்பார்க்கவும் முடியாது, அரை மணி நேரத்துல ஐயரவர்கள் எவ்வளவுதான் சொல்லுவாங்க.

வாக்குத்தத்த அட்டை விஷயமும் உண்டு. புது வருஷ ஆராதனைல எரேமியா 29:11 வந்தா எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுவோம். அதுக்கு முந்தின வசனத்துல எழுபது வருஷம்னு இருக்கு. பாபிலோனுக்கு பிடிச்சிட்டுப் போனவங்களுக்கு போன கடிதம் அது, சீக்கிரம் வர மாட்டீங்க, வீட்டைக் கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, இருக்கிற ஊர் நல்லா இருக்க ஜெபம் பண்ணுங்கன்னு சொல்ற கடிதம். அதைக் கேட்ட பெரியவங்கள்ல பெரும்பாலானவங்க திரும்பி வர்ற நாளைப் பார்த்திருக்கவே மாட்டாங்க. நான் அந்த அட்டையை கிழிச்செல்லாம் போடல, ஆனா இப்ப அந்த வசனம் வேற கனத்துல இருக்கு.

பிரச்சனைக்கு வர்றேன். எளிய மொழியில எழுதும்போது முதல்ல வெட்டுப்படுறது "சிலர் இப்படி சொல்றாங்க, வேற சிலர் அப்படி சொல்றாங்க" மாதிரி வரிகள்தான். சின்னச் சின்ன வாக்கியம், தெரிஞ்ச வார்த்தை, அதனால எல்லாமே முடிவான உண்மை மாதிரி காதுல விழும். வெளிப்படுத்தின விசேஷத்துல இது பெரிய விவகாரம். அதை ரோம சாம்ராஜ்ய காலத்தோட பொருத்தி படிக்கிறவங்க இருக்காங்க, சபை சரித்திரம் முழுக்க பரவியிருக்குன்னு படிக்கிறவங்க இருக்காங்க, இனிமே நடக்கப்போறதுன்னு சொல்றவங்க, அடையாளமா மட்டும் எடுக்கிறவங்கன்னு நாலு பெரிய வழி உண்டு. நான் படிச்ச ஒரு ஆப் விளக்கத்துல இதுல ஒரே ஒரு வழி மட்டும், வேற வழி இருக்குங்கிற வாசனை கூட இல்லாம, 22 அதிகாரமும் போகுது. எழுதினவர் எந்த சபைன்னு தேடிப் பார்த்தா உடனே புரியும். அதனால எந்த விளக்கம் எடுத்தாலும் எழுதினவர் யாரு, எந்தப் பின்னணின்னு முதல்ல பாத்துடுங்க, அதுக்கப்புறம் படிங்க. தப்பு கண்டுபிடிக்கறதுக்கு இல்ல, எந்த ஜன்னல் வழியா பாக்கறோம்னு தெரியணும்ல.

இன்னொரு வகை, அழகான கதைகள். வெளிப்படுத்தின விசேஷம் 3ல லவோதிக்கேயா சபைக்கு அனலும் இல்ல குளிரும் இல்லன்னு சொல்ற இடம். கிட்டத்தட்ட எல்லா எளிய விளக்கத்துலயும், எராப்போலியில வெந்நீர் ஊற்று, அங்க இருந்து குழாய்ல லவோதிக்கேயாவுக்கு வரும்போது வெதுவெதுன்னு ஆயிடும்னு இருக்கும். எராப்போலி வெந்நீர் ஊற்று உண்மை, இன்னைக்கு துருக்கில பமுக்கலேன்னு டூரிஸ்ட் போற இடம் அது. ஆனா லவோதிக்கேயாவுக்கு தண்ணி கொண்டு வந்த கால்வாயோட மிச்சம் தெற்குப் பக்கம் போகுது, இப்ப டெனிஸ்லி ஊர் இருக்கிற பக்கத்து ஊற்றுகளுக்கு. எராப்போலி இருக்கிறது வடக்க. வெந்நீரும் பயன்படும், கொலோசே பக்கத்து குளிர்ந்த தண்ணியும் பயன்படும், ரெண்டும் இல்லாதது எதுக்கும் ஆகாதுங்கிற கருத்து அப்படியேதான் நிக்குது, குழாய் கதை மட்டும்தான் ஆடுது. அதே மாதிரி, பணக்காரன் தேவனுடைய ராஜ்யத்துக்குள்ள போறதை விட ஒட்டகம் ஊசியின் காதுல நுழையறது சுலபம்னு இயேசு சொன்னார்ல, அந்த ஊசியின் காதுன்னு எருசலேம்ல ஒரு சின்ன வாசல் இருந்துச்சு, ஒட்டகம் முட்டி போட்டு போகும்னு ஒரு கதை நம்ம கன்வென்ஷன் பந்தல்ல வருஷா வருஷம் வரும். அப்படி ஒரு வாசல் இயேசு காலத்துல இருந்ததுக்கு எந்த ஆதாரமும் இல்ல. பிரதான ஆசாரியர் கால்ல கயிறு கட்டி மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள அனுப்புவாங்கங்கிறதும் பைபிள்ல எங்கயும் கிடையாது. நல்ல எளிய விளக்கம் எதுன்னு கண்டுபிடிக்க நான் வச்சிருக்கிற டெஸ்ட் இதுதான், மாற்கு 10:25க்கு போய் பாருங்க, வாசல் கதை இருந்தா கொஞ்சம் உஷாரா இருங்க.

இலவசமா கிடைக்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு. ஆப்கள்ல நிறைய பழைய வியாக்கியானங்கள் இருக்கக் காரணம் அதுக்கெல்லாம் காப்புரிமை முடிஞ்சு போச்சு. பேர்போன பழைய வியாக்கியானம் எழுதின மேத்யூ ஹென்றி 1714ல இறந்தவர், அப்போஸ்தலர் நடபடிகள் வரைக்கும்தான் அவர் எழுதினார், மிச்சத்தை மத்தவங்க முடிச்சாங்க. பக்திக்கு அருமையான எழுத்து, ஆனா சவக்கடல் பக்கத்து குகைகள்ல இருந்த கும்ரான் சுருள்கள், அதான் ரொம்பப் பழைய வேத கையெழுத்துப் பிரதிகள், கிடைச்சதே 1947ல இருந்துதான், அதைப் பத்தி அவருக்கு எப்படி தெரியும். பழசை மனசுக்கு வச்சுக்கோங்க, சரித்திரத்துக்கு புதுசா ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும்.

எனக்கு இதுல ரொம்ப சுவாரசியமா பட்டது வேற. இந்த விளக்கங்கள் யாரை மனசுல வச்சு எழுதியிருக்காங்களோ அவங்க வேற, நம்ம வேற. ரூத் புத்தகத்தை எடுத்துக்கோங்க. களம்னா என்ன, தூத்துறதுன்னா என்ன, காத்து எதுக்கு வேணும், அறுப்பு முடிஞ்சதும் சிந்தின கதிரை ஏன் ஏழைங்க பொறுக்குறாங்கன்னு அரைப்பக்கம் விளக்குவாங்க. எங்க தாத்தா வயல்ல கதிர் பொறுக்கினவங்களை நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன், அதெல்லாம் எனக்கு எதுக்கு. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்ல இருக்கிறதையே அங்க ஒரு ஆச்சரியம் மாதிரி சொல்லிட்டு போவாங்க. ஆனா ரூத்தைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட போவாஸை விட நெருங்கின சொந்தக்காரன் ஒருத்தன் இருந்தானே, அவன் முதல்ல நிலத்தை வாங்குறேன்னு சொல்லிட்டு ரூத்தும் கூடன்னதும் ஏன் பின்வாங்கினான், அந்த சொத்து கணக்கு என்ன, அங்க நமக்கு நல்ல விளக்கம் வேணும், அங்க சில விளக்கம் ரெண்டு வரில முடிஞ்சிடும்.

இதுக்கு நேர் எதிர் கொரிந்தியர். முதல் நிருபம் 8ல இருந்து 10 வரைக்கும் விக்கிரகத்துக்கு படைச்ச சாப்பாடு பத்தி. இங்கிலீஷ் விளக்கத்துல, கொரிந்து ஊர்ல கோயில்கள்ல பலி கொடுத்த இறைச்சி சந்தைக்கும் வரும், கோயில் பக்கத்துலயே விருந்தும் நடக்கும்னு நல்லா சொல்லிட்டு, கடைசில, இன்னைக்கு நமக்கு இந்தப் பிரச்சனை கிடையாது, அதனால இதை டிவி பாக்குறது, மது குடிக்கிறது மாதிரி விஷயத்துக்கு பொருத்திப் பாக்கலாம்னு முடிச்சிடுறாங்க. நமக்கு கிடையாதா? பக்கத்து வீட்டு அக்கா கோயில் கொடை முடிஞ்சு தூக்குவாளில பொங்கல் கொண்டு வந்து நீட்டுறாங்க, வாங்குறதா வேண்டாமான்னு எங்க வீட்ல மூணு தலைமுறையா மூணு அபிப்பிராயம். பாட்டி வாங்கவே மாட்டாங்க, அம்மா வாங்கி வச்சுட்டு வேற யாருக்காவது கொடுப்பாங்க, நான் சாப்பிடுவேன். பவுல் 10:27, 28ல சொல்றது அப்படியே எங்க திண்ணைல நடக்குற விஷயம். கூப்பிட்டா போ, வச்சதை சாப்பிடு, எதுவும் கேக்காத, ஆனா ஒருத்தர் இது படைச்சதுன்னு சொன்னா அவருக்காக விடுன்னு சொல்றார். இதுல அந்த "ஒருத்தர்" யாரு, கொடுக்கிறவரா, கூட உக்காந்து சாப்பிடுற இன்னொரு விசுவாசியா, அதுலயும் கருத்து வேறுபாடு இருக்கு, எளிய விளக்கம் அதைத் தொடவே இல்ல. நான் இந்த மூணு அதிகாரத்தையும் அம்மாகூட உக்காந்து தமிழ்ல படிச்சேன். அம்மா, என் சாப்பாடு சகோதரனுக்கு இடறலா இருந்தா நான் அதைச் சாப்பிடவே மாட்டேன்னு பவுல் சொல்ற 8:13ஐ காட்டி, "பாட்டி இருக்கிற வரைக்கும் நீ அவங்க முன்னாடி சாப்பிடாத, அவ்வளவுதான் இதுக்கு அர்த்தம்"னு சொன்னாங்க. எந்த ஆப்லயும் இவ்வளவு நேரா இல்ல.

சங்கீதம், யோபு, ஏசாயா கவிதைப் பகுதிகளுக்கு எளிய இங்கிலீஷை தயவு செஞ்சு பைபிளா வச்சு படிக்காதீங்க. விளக்கமா மட்டும் பாருங்க. 1200 வார்த்தைக்குள்ள யோபு புலம்பினா மெடிக்கல் ரிப்போர்ட் மாதிரி இருக்கு. அதுக்கு நம்ம தமிழ்தான், புரியலன்னாலும் சத்தம் போட்டு படிங்க.

நான் இப்ப பண்ற முறை என்னன்னா, முதல்ல அதிகாரத்தை தமிழ்ல ரெண்டு தடவை படிப்பேன், நோட்டுல எனக்கு வர்ற கேள்வியை எழுதுவேன், எவ்வளவு சில்லறைக் கேள்வியா இருந்தாலும் சரி, அப்புறம்தான் விளக்கத்தைத் திறப்பேன். முதல்லயே விளக்கத்தைத் திறந்தா அவங்க கேள்விதான் நம்ம கேள்வி ஆயிடும், பொங்கல் விஷயம்லாம் மனசுக்கே வராது. பதில் கிடைக்காத கேள்விக்கு பக்கத்துல ஒரு வட்டம். அந்த வட்டங்களை மாசத்துக்கு ஒருக்கா எங்க சபைல வேதபாடம் எடுக்கிற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போவேன், ரிட்டயர்டு வாத்தியார், பாதிக்கு பதில் சொல்லுவார், மீதிக்கு "எனக்கும் தெரியலப்பா, பார்ப்போம்"னுவார். தனியா படிக்கிறதுன்னா யார்கிட்டயும் பேசாம படிக்கிறதுன்னு எடுத்துக்க வேண்டாம்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ஆதியாகமத்துல தொடங்கி லேவியராகமத்துல நின்னு போற வழக்கமான ரூட்டை விட்டுடுங்க. பிலேமோன்ல ஆரம்பிங்க, ஒரே அதிகாரம், 25 வசனம், ஒநேசிமுன்னு ஒரு அடிமை, ஒரு எஜமான், நடுவுல பவுல். கூடவே கொலோசெயர் 4ஐ படிச்சா அதே ஒநேசிமு அங்கயும் வருவார். அப்புறம் ரூத், அப்புறம் ஆகாயும் எஸ்றாவும். இங்கிலீஷ் சுமாரா வர்றவங்களுக்கும் இது தாங்கும். சுத்தமா இங்கிலீஷ் வராதவங்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன், டிக்‌ஷனரி பாத்தே காலம் போயிடும், அதுக்கு தமிழ்லயே எளிய மொழிபெயர்ப்புகள் இருக்கு, அதை எடுங்க.

நான் இப்ப எசேக்கியேல் 40ல மாட்டிகிட்டு இருக்கேன். ஆலய அளவுகள். ஒரு கோல் ஆறு முழம், அந்த முழமும் சாதா முழம் இல்ல, அதுக்கு மேல ஒரு கை அகலம் கூடுதல், கணக்கு போட்டா ஒரு கோல் சுமார் 3 மீட்டருக்கு மேல வருது, வாசல் காவலறை, மண்டபம், படிகள்னு மூணு நாலு அதிகாரம் இப்படியே போகுது. எளிய விளக்கம் இங்க சுத்தமா கை விரிச்சிடுச்சு, வார்த்தைல சொன்னா புரியற விஷயம் இல்ல இது. தரைப்படம் வரைஞ்சு அளவு போட்ட விளக்கம் யாராவது யூஸ் பண்ணியிருந்தீங்கன்னா சொல்லுங்க, காசு கொடுத்து வாங்குறதா இருந்தாலும் பரவால்ல.