எம்.டி. முடித்தாச்சு, இனி எங்கே? ஆசாரிபள்ளம், தனியார் கல்லூரி, நெய்யூர், திருவனந்தபுரம்: ஓர் ஒப்பீடு

பி.ஜி. என்ற மருத்துவ மேற்படிப்பு ரிசல்ட் வந்த வாரம் முழுக்க எனக்கு போன் ஓயாது. "அக்கா, எங்க சேர?" என்று எடுத்த எடுப்பில் கேட்பார்கள். தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று எல்லாம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள். சம்பளம் எவ்வளவு, நைட் டியூட்டி எத்தனை, குவார்ட்டர்ஸ் உண்டா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் மருத்துவக் கல்லூரி ஆசிரியராகவே காலம் தள்ள நினைக்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது வேறு. இன்று பார்த்த நோயாளியை ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க முடியுமா? அவருடைய பழைய கேஸ் ஷீட் அன்றைக்குக் கையில் கிடைக்குமா? இந்த ரெண்டும் இல்லாத இடத்தில் ஆய்வு ஆர்வம் ரெண்டு வருஷத்தில் வற்றிவிடும். நம்ம ஊர்க்காரர்களுக்கு முன்னால் இருக்கும் நாலு வாசல்களையும் அதை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் ஆசாரிபள்ளம். 2001ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. உள்ளே வரும் வழி நீளமானது. அரசு மருத்துவர்களை எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருஷம், அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் பி.ஜி., பிறகு கவுன்சலிங்கில் உதவிப் பேராசிரியர் இடம். அந்தக் கவுன்சலிங்கில் சொந்த மாவட்டம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். சம்பளத்தில் மனக்குறை பழையது. 2009ல் வந்த அரசாணை 354ன்படி ஊதியம் கேட்டு 2019ல் தமிழகம் முழுக்க அரசு மருத்துவர்கள் ஸ்டிரைக் செய்தார்கள்.

ஆனால் நோயாளி? அதில் அரசு ஆஸ்பத்திரிக்கு ஈடே இல்லை. ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனவர், தலையில் கட்டின லைட்டைக்கூடக் கழற்றாமல் காஷுவாலிட்டிக்கு வருவார். கால் விரல் இடுக்கில் ரெண்டு பொட்டு, கணுக்கால்வரை வீக்கம். கூட வந்தவர் பிளாஸ்டிக் கவரை விரித்துக் காட்டுவார். உள்ளே அடிபட்ட பாம்பு, ஒரு முழம்கூட இருக்காது. முக்கோணத் தலை, மூக்கு நுனி மேலே தூக்கி நிற்கும். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடும். விஷமுறிவு மருந்து ஏற்றினாலும் அதனால் பலன் இல்லை. நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலு பாம்புகளின் விஷத்துக்கு எதிராகத்தான் தயாராகிறது. கவரில் வந்த பாம்பு குழிவிரியன், அது அந்தப் பட்டியலில் இல்லை. இதன் கடி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று கேரளத்து மருத்துவர்கள் 2007ல் ஆய்விதழில் எழுதினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை நம்ம மாவட்டத்தில்தான் இறங்கி முடிகிறது. இங்கே எத்தனை பேருக்கு இந்தக் கடி, அதில் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ்வரை போகிறது என்று ஒழுங்காகப் பதிந்து வைப்பது ஓர் ஆளின் முழு வாழ்நாளுக்கும் போதுமான வேலை. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது இதற்குப் பெரிய உதவி.

அரசுக் கல்லூரியில் ஆய்வுக்கு முதல் எதிரி டிரான்ஸ்ஃபர். அடுத்தது மாலை நேரத்துக் கிளினிக். கேரளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் தனியாகப் பிராக்டிஸ் செய்யத் தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் டியூட்டி நேரம் போக அனுமதி உண்டு. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் ஃபீஸும் இருக்கும்போது கிளினிக் வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். வாரத்தில் ரெண்டு மாலையை மட்டும் போர்டைத் திருப்பி வைத்துவிட்டு ஆய்வுக்குக் கொடுங்கள் என்றுதான் கெஞ்சுவேன்.

தனியார் கல்லூரி இதற்கு நேர் எதிர். பி.ஜி.க்குப் பிறகு ஒரு வருஷம் சீனியர் ரெசிடென்ட், உடனே உதவிப் பேராசிரியர். டிரான்ஸ்ஃபர் கிடையாது, மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் மூச்சுவிட நேரமும் கிடைக்கும். 2025லிருந்து முகத்தைக் காட்டித்தான் வருகைப் பதிவு. 75 சதவீதம் கட்டாயம். பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வெளியூரில் இருக்கும் காலம் போனதில் எனக்குச் சந்தோஷமே. குலசேகரத்தில் 2006ல் தொடங்கிய மூகாம்பிகா கல்லூரியைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள்தான். மேலே சொன்ன பாம்புக்கடியைப் படிக்க அதைவிடப் பக்கத்தில் ஒரு கல்லூரி இல்லை.

ஆனால் சேருமுன் ஒன்றை நேரில் பார்த்துவிடுங்கள். எம்.டி. முடித்ததும் நான் மூன்று வருஷம் ஒரு தனியார் கல்லூரியில் இருந்தேன். பெயர் வேண்டாம். சர்க்கரை நோயில் கால் புண் வந்தவர்களை ஒன்றரை வருஷமாகப் பின்தொடர்ந்து எழுதி வைத்திருந்தேன். பிரசவ லீவு முடிந்து திரும்பினால் ரெக்கார்டு ரூம் இருந்த இடத்தில் வகுப்பறை. கேஸ் ஷீட் கட்டுகள் பின்பக்கத்து ஷெட்டில், சாக்கு மேல் சாக்காக. ஐப்பசி மழையில் நனைந்து தாளோடு தாள் ஒட்டிக் கிடந்தது. பிரித்தால் மை இழுபட்டு வந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தத் தாள் எதற்கு என்று அங்கே யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், இன்டர்வியூவுக்குப் போகும்போது முதல்வர் அறையோடு ரெக்கார்டு ரூமையும் காட்டச் சொல்லுங்கள். அஞ்சு வருஷத்துக்கு முந்தைய ஒரு கேஸ் ஷீட்டை எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள்.

இதில் கட்டுரை எண்ணிக்கை என்ற சங்கடம் அரசு, தனியார் ரெண்டுக்கும் பொது. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக நாலு வருஷ அனுபவமும் ரெண்டு ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். நாலு வருஷத்தில் ரெண்டு என்பது நேர்மையாகச் செய்யக்கூடியதுதான். கடைசி ஆறு மாதத்தில் ஓடும்போதுதான் காசு வாங்கிப் போடும் இதழ்களின் வாசலுக்குப் போய் நிற்கிறோம்.

நெய்யூர் பற்றி இளையவர்கள் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும். 1838ல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி அது. 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர் பார்க்க வந்த சோமர்வெல் என்ற ஆங்கிலேய சர்ஜன், அங்கே காத்துக்கிடந்த கூட்டத்தையும் ஒற்றை சர்ஜனையும் பார்த்துவிட்டு, லண்டன் வாழ்க்கையை விட்டு இங்கேயே வந்துவிட்டார். இருபது வருஷத்துக்கும் மேல் இருந்தார். தென்திருவிதாங்கூரில் குடல்புண் ஏன் இத்தனை பேருக்கு என்று தன் நோயாளிகளை வைத்தே யோசித்து, 1936ல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். மருத்துவக் கல்லூரி எதுவும் நம்ம மாவட்டத்தில் வராத காலம் அது. ஒரே இடத்தில் இருந்தார், அதே ஊர் வயிறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு டாக்டரின் முகம் பழக்கம், மறுபடி தேடி வருவார். குறை என்னவென்றால் பேராசிரியர் பட்டம் அங்கே கிடையாது. 220 படுக்கை உள்ள, கல்லூரி இல்லாத ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் இருந்த ஸ்பெஷலிஸ்ட் இணைப் பேராசிரியராகலாம் என்று 2025ல் வந்த விதி அரசு ஆஸ்பத்திரிகளுக்குத்தான். மிஷனில் உழைத்த வருஷங்களையும் சேர்க்காதது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

கடைசியாகத் திருவனந்தபுரம். அங்கே மருத்துவக் கல்லூரி தொடங்கிய 1951ல் நாமும் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள்தான். 1956ல் மாநிலம் மாறியும் நம்ம ஊர் நோயாளிகள் காலை ரயிலில் மெடிக்கல் காலேஜுக்கும் ஸ்ரீசித்ரா என்ற இதய, நரம்பு ஆஸ்பத்திரிக்கும் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மையத்துக்கும் போவது நிற்கவில்லை. ஆய்வே பிழைப்பு என்று வாழ இந்த நாலில் அதுதான் இடம். ஸ்ரீசித்ராவில் செயற்கை இதய வால்வின் முதல் மூன்று வடிவங்களும் சரிவரவில்லை. நான்காவதை 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். மூன்று தடவை தோற்றவரை "போதும், ஓ.பி.யைப் பார்" என்று விரட்டாத நிறுவனம் வேறு எங்கே கிடைக்கும்? ஆர்.சி.சி. செய்தது வேறு வகை. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005ல் முடிவு வந்தது. நிரந்தர இடங்கள் குறைவு, தனி கிளினிக் கிடையாது, இந்தியா முழுக்கப் போட்டி. மலையாளம் நமக்கு ஒரு தடையே இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். லேபில், கருவியில் மனம் இருப்பவர் முதலில் திருவனந்தபுரத்தில் மூன்று வருஷம் முறையாகக் கற்றுக்கொண்டு வரட்டும். நோயாளியில் மனம் இருப்பவருக்கு, எல்லாக் குறையோடும் அரசுக் கல்லூரி. வேறு மாவட்டம் விழுந்தால் அந்த ஊரின் நோயைப் படியுங்கள். ரெக்கார்டு ரூம் நன்றாக இருந்தால் தனியார் கல்லூரியை ஒதுக்க வேண்டாம். பட்டத்தைப் பற்றிக் கவலையில்லாதவருக்கு நெய்யூர்.

போன வருஷம் வள்ளவிளைக்காரத் தம்பி ஒருவன் கேட்டான். அவன் அப்பா ஆழ்கடல் படகில் போகிறவர். ஒரு தடவை போனால் மாதக்கணக்கில் கடலில். பிரஷர் மாத்திரை பாதியில் தீர்ந்துவிடும், கரைக்கு வந்த நாலாம் நாள் மறுபடி கடல். இவர்களை எந்த ஓ.பி.யிலும் பின்தொடர முடியாதே என்றான். முடியும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். அந்த அறுபத்தொரு நாளில் ஒவ்வொரு வருஷமும் அதே ஆட்களைப் பார்க்கலாம். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் எதிக்ஸ் கமிட்டிக்கு ஜனவரியிலேயே மனுக் கொடுத்துவிடு, மே மாதம் கொடுத்தால் அனுமதி வருவதற்குள் படகு கிளம்பிவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.