நானே தைத்த ஸ்கிரீன்கள்: ஏழு வருடத்துக்குப் பிறகு

2018 தீபாவளிக்கு முன் திருச்சியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். ஐந்து ஜன்னல், மூன்று கதவு. கரூரில் 48 அங்குல அகலக் கெட்டிப் பருத்தித் துணியாக 30 மீட்டர் வாங்கி வந்து, அம்மாவின் உஷா மிதி மெஷினில் எல்லாவற்றையும் நானே தைத்தேன். எட்டில் ஆறு இடத்தில் இன்றும் அதே ஸ்கிரீன்தான் தொங்குகிறது.

"நனைக்காத துணியில கத்திரி வைக்காதம்மா" என்று அம்மா சொன்னார். பண்டிகை அவசரத்தில் நான் கேட்கவில்லை. 84 அங்குலத்தில் தைத்த வாசல் ஸ்கிரீன் முதல் சலவையிலேயே 80 ஆகிவிட்டது. தரையை ஒட்டி விழ வேண்டியது நாலு விரற்கடைக்கும் மேலே நின்றதைப் பார்த்தபோது அழுகையே வந்தது. நல்லவேளையாக அடிமடிப்பை ஆறு அங்குலம் விட்டிருந்தேன். தையலைப் பிரித்து இறக்கியதில் நீளம் சரியாகிவிட்டது. பழைய மடிப்பு இருந்த இடம் மட்டும் வெளுத்த கோடாகத் தெரிந்ததால், அதன்மேல் ஒரு பார்டர் வைத்து அடித்தேன். கடை ரெடிமேடுகளைப் புரட்டிப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் அடிமடிப்பு ஒன்று, ஒன்றரை அங்குலம்தான். சுருங்கினால் இறக்க வழியே இல்லை. வீட்டில் தைப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், காசைவிட இந்த ஆறு அங்குலம்தான்.

இப்போதெல்லாம் துணியை ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுகிறேன். அளவுகோலால் கோடு போடுவதில்லை. குறுக்கே ஓர் இழையை உருவினால் கோடு தானாக விழும். அந்த வழியில் வெட்டினால் ஸ்கிரீன் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்காது. நாலடி ஜன்னலுக்கு ஒரு பக்கத் துண்டுக்கு இரண்டு மீட்டர் எடுத்தால் மேல்மடிப்பு, அடிமடிப்பு, சுருக்கம் எல்லாம் அடங்கும். ஏழடிக் கதவுக்கு 2.6 மீட்டர்.

என்னை அதிகம் படுத்தியது கூடத்து மேற்கு ஜன்னல். மதியம் இரண்டு மணியிலிருந்து பொழுது சாயும்வரை நேர் வெயில். அடர்நீலத் துணி இரண்டே வருடத்தில் மடிப்பின் முகடுகளில் மட்டும் வெளுத்து வரிவரியாகிவிட்டது. துணிக்கு முன்பே நூல் போய்விட்டது. பருத்தி நூலில் தைத்திருந்தேன், இழுத்தால் பொடிப்பொடியாக வந்தது. அதை எடுத்துவிட்டு வேறு துணியில் பாலியஸ்டர் நூலால் தைத்து, உள்பக்கம் காடாத் துணி கொடுத்தேன். அந்தக் காடாவை மேல்பட்டியில் மட்டும் சேர்த்து, பக்கமும் அடியும் தனியாக விட்டிருக்கிறேன். இரண்டு துணியும் ஒரே அளவில் சுருங்காது; நாலு பக்கமும் சேர்த்து அடித்தால் சுருக்கம் சுருக்கமாக உப்பிக்கொள்ளும். இந்த ஜோடி ஐந்தாவது கோடையைத் தாண்டிவிட்டது. வெளிச்சம் குறைந்தது, மதியத்தில் அறையும் கொஞ்சம் தணிந்தது.

சமையலறை ஜன்னலுக்குத் தைத்ததும் நிலைக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்குக்காக வெந்நீரில் அலசி அலசியே நைந்துவிட்டது. அடுப்புப் பக்கத்தில் துணி தொங்குவதே ஆபத்து என்று இப்போது வெறுமனே விட்டிருக்கிறேன்.

மூலைகளில் கவனம் வேண்டும். பக்க மடிப்பும் அடிமடிப்பும் சேரும் இடத்தில் ஒன்பது அடுக்குத் துணி வரும். முதல் வாரம் மூன்று ஊசி ஒடித்தேன். உள்ளே மடங்கும் துணியைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்து, 16ஆம் எண் ஊசி போட்டு, அந்த இடத்தில் மட்டும் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றினால் போதும்.

தினமும் இழுத்து மூடும் கதவுகளுக்கு ராடு நுழைக்கும் பட்டி சரிப்படவில்லை. துணி ராடிலேயே சிக்கிச் சிக்கி நின்றது. துணியின் மேல் ஓரத்தில் துளை போட்டுப் பதிக்கும் ஐலெட் வளையத்துக்கு மாறினேன். வளையம் இரட்டைப்படையாக இருந்தால்தான் இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பும். படுக்கையறை ஜன்னலுக்கு ராடு பட்டியே போதும், அதை யாரும் அடிக்கடி தொடுவதில்லை.

மேற்கு ஜன்னல் காடா இப்போது விளிம்பில் பழுப்பேறி இழை விடுகிறது. பங்குனி வெயிலுக்குள் மாற்றிவிட வேண்டும். புதுக் காடா மூன்று நாளாக மொட்டைமாடி நிழலில் காய்கிறது.